கார் நிற்கும் இடத்தில் தக்காளி

தக்காளி வளர்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. சேலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் செடி என்றால் மொட்டைமாடியில் ஒரு துளசித் தொட்டி, அவ்வளவுதான். ஏற்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மண்ணில் கை வைத்ததில்லை. கை வைக்க வைத்தது என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கிலிருந்து மேலே ஏறும் சாலையில் எங்கள் மாமனார் பக்கம் பக்கமாக இரண்டு வீடு கட்டினார். ஒன்று மூத்த மகனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு. இன்னொன்று இளைய மகனுக்கு. இரண்டுக்கும் நடுவில் சாலையிலிருந்து பின்பக்கம் வரைக்கும் ஒரு துண்டு நிலம். அதை அவர் யாருக்கும் பிரித்துத் தரவில்லை. "ரெண்டு பேருக்கும் பொதுவா கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எங்களுக்கு அவர் விட்டுப்போனதிலேயே மோசமான சொத்து அதுதான்.

அவர் இருந்தவரை அங்கே காப்பிக்கொட்டை காயப்போடுவோம், துணி உலர்த்துவோம். பிறகு என் கொழுந்தன் எஸ்டேட்டில் பார்த்துவந்த, கணக்கு எழுதும் ரைட்டர் வேலையை விட்டுவிட்டு, தன் வீட்டுக்கு மேல் நான்கு அறை கட்டி ஹோம்ஸ்டே ஆரம்பித்தான். கெஸ்ட்டுகள் கார்களில் வந்தார்கள். கார்கள் நடுநிலத்தில் நின்றன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பம்பர் இடிக்கிற அளவுக்கு.

ஒருநாள் உலர்த்திய புடவையை எடுக்கப் போனேன். கொடி அறுந்து, புடவை சேற்றில் கிடந்தது. மேலே டயர் ஏறிய தடம். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஓரகத்தி பால்கனியிலிருந்து பேசினாள்.

"அக்கா, கொடியக் கொஞ்சம் பின்னால தள்ளிக் கட்டிக்குங்க. காரு திருப்பறதுக்கு எடம் பத்தலைங்களாமா."

"இது காரு திருப்பற எடமில்ல. பொது எடம்."

"பொதுன்னா எங்களுதுந்தானுங்களே? சும்மா கெடக்கற எடம். நீங்க ஏதாச்சும் நட்டு வெச்சிருந்தா நாங்க ஏனுங்க வண்டிய உடறோம்?"

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் தலைச்சோலையில் விவசாயக் குடும்பத்துப் பெண். காப்பியும் ஆரஞ்சும் கேழ்வரகும் பார்த்து வளர்ந்தவள். நான் டவுன்காரி, செடி வைக்கத் தெரியாதவள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளே போனேன். ரசத்துக்கு நறுக்கிய தக்காளி பலகையில் கிடந்தது. அதில் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் பார்க்க, டயர் தடத்துக்கு நடுவில் கரண்டியால் மண்ணைக் கீறி, விதையைச் சாறோடு பிழிந்துவிட்டேன். தக்காளியைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் கிடையாது. அன்று கையில் வெங்காயம் இருந்திருந்தால் வெங்காயம் நட்டிருப்பேன்.

அது ஐப்பசி. மழையும் மூடுபனியும் விடாமல் இருந்த சமயம். எனக்கே ஆச்சரியமாக விதை முளைத்தது, ஒரே இடத்தில் கொத்தாக, மயிரிழை மாதிரி. சுற்றிலும் நான்கு கல்லை வைத்தேன். ஒரு வாரம் கார்கள் சுற்றிக்கொண்டு போயின. பிறகு ஒரு காலையில் போய்ப் பார்த்தால் எல்லா நாற்றும் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தது. தண்டு தரைமட்டத்தில் நூலாக நைந்து அழுகியிருந்தது.

"மலைப் பனியில தக்காளி வருமுங்களா அக்கா? அதெல்லாம் மழை முடிஞ்சு வெக்கோணும்" என்றாள் மேலேயிருந்து. அன்று மத்தியானமே ஒரு கார் அந்தக் கற்களைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது.

அந்த வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டேன். மழை முடிந்து. சரி, முடியட்டும்.

செம்மநத்தத்திலிருந்து வந்து ஒண்டிக்கடையில் கூடை வைத்து விற்கும் ஒரு பெண்ணிடம் நாட்டுத் தக்காளி வாங்கினேன். வரி வரியாக மடிப்பு விழுந்த, தோல் மெலிந்த, புளிப்பான பழம். அதில் நன்றாகப் பழுத்ததை எடுத்து, விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் வழித்து வைத்தேன். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். அது நுரைத்து, மேலே வெள்ளையாக ஆடை கட்டி, சமையலறையெல்லாம் புளித்த நாற்றம் எடுத்தது. என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன கருமம் இது?"

"விதை."

"எதுக்கு இந்த வேலை உனக்கு? மார்க்கெட்டுல தக்காளி இல்லையா?"

அவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். தம்பி மேல் உயிர். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் முதலில் தம்பி வீட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். அதில் எனக்கு ஆட்சேபம் இருந்ததில்லை, அந்தக் கார்கள் வரும்வரை.

விதையைக் கழுவினேன். வழவழப்பெல்லாம் போய் ஒவ்வொரு விதையும் சொரசொரப்பாகத் தனியே நின்றது. தட்டில் பரப்பி நிழலில் காயவைத்து எடுத்து வைத்தேன். தை மாதம் வெயில் தெளிந்ததும் நாற்று போட்டேன். அதற்குத் தொட்டி வாங்கவில்லை. ஹோம்ஸ்டே கெஸ்ட்டுகள் டீ குடித்துவிட்டுப் போடும் காகிதக் கப்புகளைக் குரங்குகள் இழுத்து வந்து என் வாசலில் போட்டுவிட்டுப் போகும். அவற்றைப் பொறுக்கி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு விதை வைத்து ஜன்னலோரம் அடுக்கினேன். அவர்கள் குப்பையிலேயே அவர்களுக்கு எதிராக ஆள் சேர்க்கிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் இனித்தது.

நாற்று விரல் உயரம் வந்ததும் கடப்பாரையை எடுத்தேன். கார் ஏறி ஏறி அந்த மண் சிமெண்ட் தளம் மாதிரி இறுகிக் கிடந்தது. கை கொப்பளித்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வரவில்லை.

"நீ செய்யறது செடி வெக்கறதில்ல புள்ள. சண்டைக்குக் கூப்பிடறது."

"ஆமாம்" என்றேன்.

எஸ்டேட்டில் வீணாகக் குவிந்து கிடக்கும் காப்பிப் பழத் தோலை மூட்டையாகக் கொண்டுவரச் சொன்னேன். அவர் கொண்டுவரவில்லை. நானே போய்க் கேட்டு, ஆட்டோவில் ஏற்றி வந்தேன். அதை மண்ணில் கலந்து, சாலையோரத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் இரண்டு வரிசை நட்டேன். ஒரு கார் என்ன, ஒரு சைக்கிள்கூட உள்ளே வர முடியாதபடி நெருக்கி நட்டேன். ஒவ்வொரு செடிக்கும் ஊன்ற ஒரு சில்வர் ஓக் மரக்குச்சி. முன்னால் வரிசையாகக் கல்.

ஓரகத்தி துணி உதறுவதுபோல் பால்கனியில் வந்து வந்து பார்த்தாள்.

பங்குனியில் செடிகள் இடுப்புயரம் வந்து மஞ்சள் பூ வைத்திருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெரிய வெள்ளைக் கார் ஒன்று சாலையிலிருந்து ரிவர்ஸிலேயே ஏறி வந்து, கற்களைத் தாண்டி, சாலைப்பக்கத்துச் செடிகளில் பாதியைப் படுக்க வைத்துவிட்டு நின்றது. நசுங்கிய இலையின் வாசம் வீட்டுக்குள் வரை அடித்தது. தக்காளிச் செடியின் வாசம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பச்சையும் காட்டமுமாக மூக்கில் ஏறும். அந்த வாசத்தோடுதான் வெளியே ஓடினேன்.

காரிலிருந்து ஒருவர் பதறிக்கொண்டு இறங்கினார். "சாரிம்மா, இங்கதான் பார்க்கிங்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவேயில்லை. காருக்குப் பின்னால் போய், மிச்சமிருந்த செடிகளுக்கு முன்னால் நின்றுகொண்டேன். கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, கெஸ்ட்டு முன்னால எதுக்குங்க? உள்ள போங்க. பேசிக்கலாம்."

"மொதல்ல காரை எடுக்கச் சொல்லு."

"எங்க எடுக்கறது? ரோட்டுல உட்டா பஸ்ஸுக்காரன் கத்தறான்."

"அது உங்க பாடு."

அவன் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்திச் சொன்னதால்தான் அது இன்னும் மோசமாக இருந்தது.

"அண்ணி, உங்களுக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அதையுங் கட்டிக் குடுத்தாச்சு, ஓசூர்ல இருக்குது. நாளைக்கு இந்த எடத்த ஆளப்போறது எங்க பசங்கதானுங்களே? அப்பறம் யாருக்குங்க இந்த வீம்பு?"

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் காதில் விழுந்தது. விழாமல் இருக்க முடியாது, பத்தடி தூரம்கூட இல்லை. அவர் குனிந்தபடியே காலைக் கழுவிக்கொண்டிருந்தார். தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். என் வாழ்நாளில் அவர் கால் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"ஆளப்போறது யாருன்னு அப்பறம் பாக்கலாம்" என்றேன். "இப்ப இந்தக் காரு வெளிய போகணும். இல்ல, என் மேல ஏத்திட்டுப் போகட்டும்."

கெஸ்ட்டுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவரே வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய்விட்டார். அன்று முதல் நான் கொழுந்தனோடு பேசுவதில்லை. வீட்டுக்காரரோடு பேசினேன், சோறு, தண்ணீர், கரண்ட் பில் என்ற அளவுக்கு.

விழுந்த செடிகளில் ஒடிந்தவற்றைப் பிடுங்கிப் போட்டேன். வளைந்து மட்டும் போனவற்றை நிமிர்த்த முடியவில்லை. படுத்த நிலையிலேயே தண்டின் மேல் மண்ணை அணைத்தேன். சில நாளில் புதைந்த தண்டிலிருந்து புதிதாக வேர் இறங்கி, நுனி தானாக நிமிர்ந்து நின்றது. அவைதான் பிறகு மற்றவற்றைவிடத் தாட்டியாக வளர்ந்தன. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வெறி வந்தது.

காய் பிடித்ததும் குரங்குகள் வந்தன. ஏற்காட்டில் குரங்கு எப்போதும் உண்டு. ஆனால் ஹோம்ஸ்டே பால்கனியிலிருந்து கெஸ்ட்டுகள் பிஸ்கெட்டும் சிப்ஸும் போட்டுப் பழக்கியதில், ஒரு கூட்டமே எங்கள் இரண்டு கூரையிலும் குடியேறியிருந்தது. பழம் முழுதாகத் தின்றாலாவது பரவாயில்லை. ஒரு கடி கடித்து, பிடிக்காமல் எறிந்து, அடுத்ததைப் பறித்து, அதையும் ஒரு கடி. கம்பை எடுத்துக்கொண்டு ஓடினால் பால்கனிக்குத் தாவி, கெஸ்ட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கும். அவர்கள் போட்டோ எடுப்பார்கள். ஓரகத்தி அதை ஒருநாளும் தடுத்ததில்லை. குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதனால் பழுக்கும்வரை காத்திருப்பதை விட்டுவிட்டேன். காயின் அடிப்பக்கம் லேசாகச் சிவப்பு தட்டியதுமே பறித்துவிடுவேன். கட்டிலுக்கு அடியில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று படாமல் அடுக்கி வைத்தால் அங்கேயே பழுத்துவிடும். பறித்துவிட்டு வந்தால் விரலெல்லாம் பச்சை பிடித்திருக்கும். கழுவினால் மஞ்சளாக ஓடும், சோப்புக்கும் லேசில் போகாது. சித்திரை முடிவதற்குள் கட்டிலடி நிறைந்துவிட்டது. எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன், டெய்லர் கடைக்குக் கொடுத்தேன், ஓசூருக்குப் பஸ்ஸில் மகளுக்குக் கொடுத்தனுப்பினேன். பக்கத்து வீட்டுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீசன் கூட்டம். மலைப்பாதை முழுக்க வண்டிகள் நின்று போனதால் சேலத்திலிருந்து காய்கறி வண்டி மேலே வரவில்லை. நான் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பி, சட்னிக்குத் தக்காளி எடுக்கக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன். வைக்கோல் மட்டும் தட்டுப்பட்டது.

"ஏனுங்க, தக்காளி எங்க?"

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தம்பி வந்து கேட்டான். கெஸ்ட்டுக்கு டிபனுக்கு ஒண்ணும் இல்லைன்னான். எடுத்துக் குடுத்தேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"தக்காளிதான் புள்ள. நகையா எடுத்துக் குடுத்தேன்?"

நான் செருப்புப் போடவில்லை. நேராக அந்த வீட்டுக்குள் போனேன். கீழ்க்கூடத்தில் மேசை போட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தட்டிலும் சிவப்பாகச் சட்னி. ஒரு அம்மாள் இன்னும் கொஞ்சம் கேட்டு, "கடைத் தக்காளியில இந்த ருசி வராதே" என்றாள். ஓரகத்தி வாளியோடு குனிந்து பரிமாறினாள்.

"நம்ம தோட்டத்துல வெளஞ்சதுங்க. மருந்தே அடிக்கறதில்ல. நாங்களே வெதை போட்டு வளத்தறோம்."

நான் நிற்பதைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"எந்தத் தோட்டம்?" என்றேன்.

"அக்கா, அப்பறம் பேசலாமுங்க."

"எந்தத் தோட்டம்னு சொல்லு. நீ எப்ப விதை போட்ட? கார் வுட்டு ஏத்தினது நீ. குரங்குக்குத் தீனி போட்டு ஏவி வுட்டது நீ. என் பொண்ணுக்கு இந்த மண்ணு ஆகாதுன்னு சொன்னது உன் புருஷன். இப்ப சட்னி மட்டும் உங்க தோட்டமா?"

யாரும் சாப்பிடவில்லை. ஒருவர் மட்டும் தோசையைக் கையில் பிய்த்தபடி அப்படியே வைத்திருந்தார். கொழுந்தன் சமையலறையிலிருந்து வந்தான். ஓரகத்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"மாமனாரு எடந்தானுங்க அது. உங்க அப்பன் ஊட்டுச் சீதனமுங்களா? எங்க தோட்டம்னு சொன்னா என்னுங்க தப்பு?"

நான் சமையலறைக்குள் போனேன். மேடையில் மிச்சத் தக்காளி கூடையோடு இருந்தது. கூடை என்னுடையது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில் நடந்து வெளியே வந்தேன். வாசல்படியில் ஒரு பழம் உருண்டு விழுந்தது. நின்று குனிந்து அதையும் எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "நடுநிலத்தை அளந்து பிரிக்கணும். இல்லைன்னா நான் ஓசூர் போறேன்." அவர் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அந்த வாரமே சர்வேயரைக் கூட்டிவந்தார்.

சங்கிலி பிடித்து அளந்தபோது அண்ணன் ஒரு முனையிலும் தம்பி ஒரு முனையிலும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கோடு என் இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவில் விழுந்தது. ஒரு வரிசை எனக்கு, ஒரு வரிசை அவர்களுக்கு. சர்வேயர் கல் நட்டுவிட்டுப் போனார். அவர் வண்டி திருப்பம்கூடத் தாண்டியிருக்காது, ஓரகத்தி இறங்கி வந்து தன் பக்கத்து வரிசையைப் பிடுங்க ஆரம்பித்தாள். காயோடும் பூவோடும் இருந்த செடிகள். ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, சாலையோரம் எறிந்தாள். பிடுங்கும்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தடுக்கவில்லை. கேட்டது நான்தான். அவள் பக்கம் அவளுடையது. ஆனால் பிடுங்கிய ஒவ்வொரு செடியையும் எண்ணிக்கொண்டே நின்றேன். செடிகளின் மேல் எனக்குப் பாசம் கிடையாது, எல்லாம் வீம்புக்கு வளர்த்தது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். குரங்குகள் சாலையோரக் குவியலில் உட்கார்ந்து சாயங்காலம் வரை தின்றன.

அதன் பிறகு கொழுந்தன் ஹாலோ பிளாக்கில் ஆளுயரச் சுவர் எழுப்பினான். அவன் பக்கம் இப்போது ஒரு கார் ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது. என் பக்கம் மத்தியானத்துக்கு மேல் சுவர் நிழல் விழுந்துவிடும். காய் சிறுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் இன்னமும் சாயங்காலம் தம்பி வீட்டுப் படியில் டீ குடித்துவிட்டுத்தான் வருகிறார். நான் கேட்பதில்லை.

போன வருஷம் ஓரகத்தி தன் மொட்டைமாடியில் வரிசையாகப் பை வைத்து தக்காளி போட்டாள். அந்தச் சட்னியைச் சாப்பிட்டுப் போனவர்கள் போனில் எழுதிவைத்த புகழைப் படித்து வருகிற கெஸ்ட்டுகள், தோட்டம் எங்கே என்று கேட்கிறார்களாம். கம்பெனி விதை, உருண்டையான பெரிய காய். சுவருக்கு மேல் என் கண்ணில் படும்படி தொங்கியது.

ஆடி மாதச் சாரலில் ஒருநாள் காலை, நான் செடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து குரல் வந்தது. சுவர் எழும்பியதிலிருந்து அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் முறை.

"அக்கா, இந்த எலையெல்லாம் ஏனுங்க இப்பிடி ஆகுது?"

ஒரு கிளையை ஒடித்துக் கைப்பிடிச் சுவருக்கு மேல் நீட்டினாள். இலையில் வெந்நீர் பட்டதுபோல் கருப்புத் திட்டு. அடியில் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. எனக்குத் தெரியும் அது. அதற்கு முந்தின வருஷச் சாரலில் என் செடிகளைத் தின்ற கருகல் நோய். ஈரத்தில் ஒரு செடியில் வந்தால் மறுநாளைக்குப் பக்கத்துச் செடி. உடனே மருந்தடித்து, பட்ட கிளைகளை வெட்டி எரித்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். விட்டால் அவள் மாடியோடு நிற்காது. சுவரைத் தாண்டி எனக்கும் வரும்.

"தெரியல" என்றேன்.

அவள் கிளையைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

நான் கூடையை எடுத்து வந்து, என் பக்கத்துச் செடிகளில் இருந்த காய் அத்தனையையும் பச்சையாகவே பறித்தேன். கொட்டைப்பாக்கு அளவு இருந்ததைக்கூட விடவில்லை. செடிகளைப் பிடுங்கிக் குவித்தேன். சாயங்காலம் வந்த வீட்டுக்காரர் வெறும் மண்ணைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.

"அவ கேட்டாளாமே. சொல்லியிருக்கலாமில்ல?"

தம்பி வீட்டுப் படியில் டீயோடு சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"அன்னிக்குக் குழாயடியில நின்னுக்கிட்டு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் காயை நறுக்கி, பச்சை மிளகாயும் பூண்டும் போட்டுத் துவையலுக்கு வதக்கினேன். எண்ணெயில் தக்காளிக்காய் வதங்கும் மணம் வீட்டை நிறைத்து ஜன்னல் வழியாக வெளியே போனது. அந்தப் பக்கத்தில் யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.